இரண்டு புள்ளி இரண்டால் வகுக்கவும்

யாவுகோ, புவேர்ட்டோ ரிக்கோ
7 செப்டம்பர் 1986

ஆசி கேட்கிறேன், பெர்த்தோ அண்ணா.

நலமா? நியூயார்க்கில் குளிர் இன்னும் ஆரம்பித்திருக்காது என்று நினைக்கிறேன். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பல்வலி தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மருந்தாளர் உரிமத் தேர்வு இரண்டாவது முறையும் போய்விட்டது. சட்டத்தாளில் தேறினேன், மருந்தியலில் தேறினேன், கணக்கில் கவிழ்ந்தேன். பட்டத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியாயிற்று. முப்பத்தாறு வயதில், உரிமம் இல்லாமல், தோன் கின்தீன் கடையில் இருமல் மருந்துக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். அவருக்கோ சிரிப்பு. "ஏம்மா நில்சா, நம்பரைப் பாத்தா மட்டும் ஏன் பேயைப் பாத்த மாதிரி முழிக்கிற? மாத்திரை எண்ணும்போது தப்பே வராதே உனக்கு!"

ஜூனில் மூன்றாவது முறை. அதிலும் போனால் ஒரு வருடம் மறுபடி வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் எழுத விடுவார்களாம். அதற்கு எனக்குத் தெம்பில்லை, அண்ணா.

நீ பட்டம் வாங்கவில்லை. ஆனால் பதினேழு வருடமாக ஆஸ்பத்திரி மருந்தறையில் சலைன் பாட்டிலில் மருந்து கலக்குகிறாய். கணக்கு உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்குக் கணக்கு போட்டு அனுப்பேன். அம்மா போன பிறகு இந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் கணக்குப் போடுகிறேன். தப்பு என்று சொல்லக்கூட ஆளில்லை.

உன் தங்கை
நில்சா

*

பிராங்க்ஸ், நியூயார்க்
25 செப்டம்பர் 1986

அன்புள்ள நில்சா,

ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும். பல்லைப் பிடுங்கிவிடு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கணக்கு போட முடியாது.

நான் நலம். வேலை எப்போதும் போல.

அழாதே. கணக்கு வராதவள் இல்லை நீ, அவசரக்காரி. சின்ன வயதில் அம்மா சொல்லி முடிப்பதற்குள் கடைக்கு ஓடி, என்ன வாங்க வேண்டும் என்று கேட்கத் திரும்பி வருவாயே, அந்தக் குணம் இன்னும் போகவில்லை. இரண்டு கணக்கு அனுப்புகிறேன். வழிமுறை இல்லாத விடையைக் குப்பையில் போடுவேன்.

ஒன்று. 95 சத ஆல்கஹால் இருக்கிறது, 50 சத ஆல்கஹால் இருக்கிறது. டாக்டர் கேட்பது 70. எந்த விகிதத்தில் கலப்பாய்? குறுக்குக் கட்டம் போடு: வலுத்ததை மேலே எழுது, மெலிந்ததைக் கீழே எழுது, வேண்டியதை நடுவில் எழுது, குறுக்கே கழி.

இரண்டு. ஒரு ஆண். வயது 43. எடை 171 பவுண்டு. இரத்தத்தில் கிரியேட்டினின் 2.4. அவன் சிறுநீரகத்தின் வேலைத்திறன் என்ன? கிரியேட்டினின் என்பது கழிவு; அது ஏறினால் சிறுநீரகம் இறங்குகிறது என்று அர்த்தம். நல்ல ஆளுக்கு நூறு வரும். 140-இலிருந்து வயதைக் கழி, எடையால் பெருக்கு, கிரியேட்டினினின் 72 மடங்கால் வகு. பெண்ணாக இருந்தால் மட்டும் கடைசியில் 0.85 ஆல் பெருக்கு.

சாப்பாட்டைத் தவிர்க்காதே.

உன் அண்ணன்
ஹெரிபெர்த்தோ

*

யாவுகோ
12 அக்டோபர் 1986

ஆசி கேட்கிறேன், அண்ணா.

பல்லைப் பிடுங்கியாயிற்று. நீ எப்படி இருக்கிறாய்? "நலம், வேலை எப்போதும் போல" என்று தந்தி மாதிரி எழுதுகிறாய். எனக்கு மட்டும் வழிமுறை காட்டச் சொல்கிறாயே!

முதல் கணக்கு: 95-க்கு நாலு பங்கு, 50-க்கு ஐந்து பங்கு. குறுக்குக் கட்டம் எனக்குப் பிடித்துவிட்டது. வலுத்தது கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது, மெலிந்தது கொஞ்சம் ஏறி வருகிறது.

இரண்டாவது: 96. உன் ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான். அவனைப் போய் ஏன் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறீர்கள்? வீட்டுக்கு அனுப்புங்கள்.

பக்கத்து வீட்டு தோன்யா ப்ரோவி தினமும் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "யாரோட பேசிட்டிருக்க?" என்று கேட்கிறாள். "கிரியேட்டினினோட" என்றேன். "புருஷன் பேரா?" என்கிறாள். அவளுக்கு நான் என்னத்தைச் சொல்ல?

உன் தங்கை
நில்சா

*

பிராங்க்ஸ்
16 நவம்பர் 1986

அன்புள்ள நில்சா,

ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும். பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு. சில வேலைகள் வந்துவிட்டன.

முதல் விடை சரி. இரண்டாவதற்கு உன்னைக் காதைப் பிடித்துத் திருக வேண்டும். நான் கொடுத்தது பவுண்டு. சூத்திரம் கேட்பது கிலோ. இரண்டு புள்ளி இரண்டால் வகுக்க வேண்டாமா? ஊரில் கசாப்புக் கடை முதல் குழந்தை பிறக்கிற இடம் வரை எல்லாமே பவுண்டு என்பதால் உன் கண்ணுக்கு அது உறுத்தவில்லை. நம்மவர்கள் இந்தத் தேர்வில் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். சரியான விடை 43.6. ஒரு சின்ன மறதியில் பாதி செத்த சிறுநீரகத்தை முழு ஆரோக்கியம் ஆக்கிவிட்டாய். வைத்தியர்கள் யாருக்கும் உன் கைராசி இல்லை.

அந்தத் தாளை நான் திருப்பி அனுப்பவில்லை. இங்கேயே இருக்கட்டும்.

புதுக் கணக்கு. ஒரு ஆண். வயது 43. எடை 163 பவுண்டு. கிரியேட்டினின் 3.6.

குளிர் வந்துவிட்டது. நான் நலம்.

ஹெரிபெர்த்தோ

*

யாவுகோ
7 டிசம்பர் 1986

ஆசி கேட்கிறேன், அண்ணா.

27.7. வகுத்தேன், வகுத்தேன், வகுத்தேன். 2.2 என்று பெரிதாக எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன். தோன்யா ப்ரோவி அதை லாட்டரி நம்பர் என்று நினைத்து 22 வாங்கிவிட்டாள். விழவில்லை. என்னோடு பேசவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வருவாயா? போன கடிதங்களிலும் கேட்க நினைத்துக் கேட்கவில்லை, நீ வேலையைக் காரணம் சொல்வாய் என்று. இப்போது கேட்கிறேன். வா. ஒரு தட்டு மட்டும் கழுவிக் கழுவி எனக்கு வெறுத்துப் போயிற்று.

வராவிட்டாலும் பாஸ்டெல் வரும். வாழைக்காய் துருவித் துருவிக் கைத்தோல் போயிற்று. நாலு டஜன் இலையில் கட்டி, உறைய வைத்து, தோன்யா ப்ரோவியின் அக்கா மகன் வீச்சியிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் பதினெட்டாம் தேதி அங்கே வருகிறான்.

உன் தங்கை
நில்சா

*

பிராங்க்ஸ்
11 ஜனவரி 1987

அன்புள்ள நில்சா,

ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும். மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு அவர்கள் ஒட்டகங்களுக்குப் புல்லும் தண்ணீரும் வைத்தாயா? இந்த வயதிலும் வைப்பாய் என்று தெரியும்.

வர முடியவில்லை. லீவு கிடைக்கவில்லை.

பாஸ்டெல் வந்தது. இலையைப் பிரித்ததும் அறை முழுக்க அம்மா சமையலறை வாசனை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதை வைத்தே ஒரு கணக்கு:

ஒரு நோயாளி ஒரு நாளில் 40 மில்லி ஈக்விவலண்ட் பொட்டாசியத்துக்கு மேல் சாப்பிடக் கூடாது. மற்ற சாப்பாட்டிலேயே 31 சேர்ந்துவிடுகிறது. வாழைக்காய் பாஸ்டெல் ஒன்றில் 9 இருக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று அவன் எத்தனை பாஸ்டெல் சாப்பிடலாம்?

இது சுலபம். ஆனால் தேர்வில் இப்படித்தான் சுலபமாகக் கேட்டுக் கவிழ்ப்பார்கள்.

ஹெரிபெர்த்தோ

*

யாவுகோ
2 பிப்ரவரி 1987

ஆசி கேட்கிறேன், அண்ணா. பிறந்தநாள் வாழ்த்துகள்!

இன்று கந்தேலாரியா திருநாள். தெருமுனையில் காய்ந்த கிறிஸ்துமஸ் மரங்களைப் போட்டுக் கொளுத்தியிருக்கிறார்கள். சின்ன வயதில் அந்த நெருப்பு உன் பிறந்தநாளுக்காக மூட்டுவது என்று என்னிடம் சொல்லி ஏமாற்றினாயே, ஒன்பது வயது வரை நம்பினேன்.

விடை: ஒன்று. ஒரே ஒன்றா! பாவம் அந்த மனுஷன், கிறிஸ்துமஸும் அதுவுமாக. இப்படியெல்லாம் கணக்கு யோசிக்க உனக்கு எப்படி மனசு வருகிறது?

ஒரு விஷயம் எனக்கு வருத்தம், மறைக்க மாட்டேன். வீச்சி திரும்பி வந்தான். "உங்கண்ணன் அந்தக் கட்டடம் முழுக்க பாஸ்டெல் குடுத்துட்டாரு அக்கா, எனக்கே எட்டு குடுத்தாரு" என்றான். உனக்கென்று செய்தது அண்ணா. தானதர்மத்துக்கு இல்லை. இன்னொன்றும் சொன்னான்: "அவரு கோட்டு தொளதொளன்னு இருக்கு, இன்னொரு ஆளு உள்ள பூந்துக்கலாம்." ஒழுங்காக ஒரு கோட்டு வாங்கிக்கொள். உன் ஒரே தங்கை மருந்தாளர் ஆகப்போகிறாள், நீ இரவல் சட்டைக்காரன் மாதிரி திரியாதே.

உன் தங்கை
நில்சா

*

பிராங்க்ஸ்
29 மார்ச் 1987

அன்புள்ள நில்சா,

ஆசீர்வாதம். கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. இடது கையில் சுளுக்கு, கட்டுப் போட்டிருக்கிறார்கள். நான்தான் இடதுகைக்காரன் ஆயிற்றே, அதனால் வலது கையால் கிறுக்குகிறேன்.

பாஸ்டெலுக்குக் கோபிக்காதே. இங்கே தனியாகச் சாப்பிட மனசு வரவில்லை, அதுதான்.

ஒரு ஆண். வயது 44. எடை 149 பவுண்டு. கிரியேட்டினின் 5.2.

கடிகாரத்தை வைத்துக்கொண்டு போடு. மூன்று நிமிடம்.

ஹெரிபெர்த்தோ

*

பிராங்க்ஸ்
17 மே 1987

நில்சா,

ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும். உன் இரண்டு கடிதமும் வந்தன. 17.4 சரி. இரண்டு நிமிடத்தில் போட்டேன் என்று எழுதியிருக்கிறாய், பெருமையாக இருந்தது. "ஏன் எழுதுவதில்லை, நான் என்ன தப்பு செய்தேன்" என்று கேட்டிருக்கிறாய். நீ ஒன்றும் செய்யவில்லை. கொஞ்சம் களைப்பு.

கடைசிக் கணக்கு. ஒரு ஆண். வயது 44. எடை 138 பவுண்டு. கிரியேட்டினின் 7.8.

இதற்கு விடை அனுப்ப வேண்டாம். ஜூன் ஆறாம் தேதி தேர்வை முடி. அதுவரை எனக்கு எழுதாதே, படி.

அண்ணன்

*

சான் ஹுவான் பஸ் நிலையம்
6 ஜூன் 1987

அண்ணா,

இன்று ஆசி கேட்கவில்லை. கோபமாக இருக்கிறேன்.

தேர்வில் பதினேழாவது கேள்வி. ஒரு ஆண். வயது 44. எடை 198 பவுண்டு. கிரியேட்டினின் 1.2. படித்தேன், பேனா தானாக ஓடியது. விடை 62.7 கிலோவில் ஆரம்பித்திருந்தது. அழித்துவிட்டுப் பார்த்தேன். கேள்வியில் 198 என்று இருக்கிறது, என் கை 138-ஐ எடுத்து வகுத்திருக்கிறது. இந்த மனுஷன் ஏன் இவ்வளவு பருமன், கேள்வித்தாளில் அச்சுப்பிழையோ என்று நிஜமாகவே நினைத்தேன். பிறகு சரியாகப் போட்டேன். மிச்சம் மீதி இல்லாமல் நூறு வந்தது. நாற்பத்து நாலு வயது ஆணுக்கு நூறு வர வேண்டும். அவன் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அப்போது புரிந்தது. 171, 163, 149, 138. ஒன்பது மாதமாக நீ எனக்கு ஒரே ஆளை அனுப்பியிருக்கிறாய். நவம்பரில் அவனுக்கு 43, கந்தேலாரியா கழிந்ததும் 44. அவன் கோட்டு தொளதொளவென்று இருக்கிறது. என் நாலு டஜன் பாஸ்டெலில் ஒன்றே ஒன்றைச் சாப்பிட்டிருக்கிறான். நான் "பாவம் அந்த மனுஷன்" என்று எழுதினேன். எழுதிவிட்டு உன் கோட்டைக் கிண்டல் செய்தேன்.

எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியைத் தள்ளினேன். நான் இந்தத் தாளை முடிக்க வேண்டும் என்றுதானே நீ வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று நினைத்தேன், மறுபடி உட்கார்ந்தேன். மீதிக் கேள்விகளை எப்படி எழுதினேன் என்று தெரியாது. கண்காணிப்பாளர் அம்மாள் என் பக்கத்தில் ஒரு கைக்குட்டையை வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு இங்கிருந்து உன் வீட்டுக்குக் கீழே இருக்கிற கடைக்குப் போன் செய்தேன். கடைக்காரர் சாகோ எடுத்தார். "பெர்த்தோவா? இன்னிக்கு சனிக்கிழமையாச்சே, மிஷின்ல இருப்பான். செவ்வா, வியாழன், சனி. ஏம்மா, உனக்குத் தெரியாதா? கையில குழாய்க்கு ஆபரேஷன்கூட பண்ணாங்களே!" "டயாலிசிஸ் மிஷினா?" என்று கேட்டேன். "அடக் கடவுளே, நான் சொல்லிருக்கக் கூடாது போலிருக்கு" என்றார்.

திரும்பப் போன் செய்ய மாட்டேன். போனில் நீ பொய் சொல்வாய். கடிதத்தில் உன்னால் முழுசாகப் பொய் சொல்ல முடியாது என்று இப்போது தெரிந்துவிட்டது.

உனக்கு ஒரு கணக்கு. வழிமுறை இல்லாவிட்டால் குப்பையில் போடுவேன்.

ஒன்று. ஒரு பெண். வயது 36. எடை 143 பவுண்டு. கிரியேட்டினின் 0.8, ஏப்ரலில் இன்னொரு பல்லைப் பிடுங்குவதற்காக எடுத்த சோதனை. அவள் சிறுநீரகத்தின் வேலைத்திறன் என்ன?

இரண்டு. குறுக்குக் கட்டம் போடு. மேலே அவளுடைய நூறு. கீழே அவள் அண்ணனுடைய பூஜ்யம். இருவருக்கும் ஐம்பது வர என்ன செய்ய வேண்டும்?

நில்சா

*

பிராங்க்ஸ்
18 ஜூன் 1987

அன்புள்ள நில்சா,

நீ கேட்காவிட்டாலும் ஆசீர்வாதம் உண்டு.

முதல் விடை: 65 கிலோ. 104-ஐ 65-ஆல் பெருக்கி 57.6-ஆல் வகுத்து 0.85-ஆல் பெருக்கினால் 99.8. அழகான எண்.

இரண்டாவது: ஒன்றோடொன்று கலக்கக் கூடாத பொருள்கள். கணக்கு செல்லாது.

வழிமுறை கேட்பாய், சொல்கிறேன். அம்மா படுத்தபோது நீ இரண்டாம் ஆண்டில் இருந்தாய். புத்தகத்தை மூடிவிட்டு வந்தாய். நான் இங்கிருந்து "தைரியமாக இரு" என்று எழுதிக்கொண்டிருந்தேன். பத்து வருடம் உன்னுடையது போயிற்று, என்னுடையது ஒரு நாள்கூடப் போகவில்லை. செப்டம்பரில் டாக்டர் என்னிடம் சொன்ன அதே வாரம் உன் கடிதம் வந்தது. சொன்னால் மறுபடி மூடிவிடுவாய் என்று தெரியும். உன்னை இரண்டு தடவை நிறுத்தியவன் என்ற பெயரோடு எனக்கு இருக்க முடியாது.

ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. இங்கே என் எண்ணை வெள்ளைக் கோட்டுக்காரர்கள் படித்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுகிறார்கள். ஊரில் ஒருத்தி என் எடையை எழுதி, வகுத்து, பெருக்கி, அடியில் கோடு போட்டு அனுப்புகிறாள் என்றால் எனக்கு அன்றைக்குத் தனியாக இருப்பது போலத் தோன்றாது. அதற்காகத்தான் அனுப்பினேன். உன் தேர்வுக்காக என்பது பாதிதான்.

நீ 2.2-ஐ மறந்த தாள் என் கட்டிலுக்கு மேலே சுவரில் இருக்கிறது. 96. "வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று எழுதியிருக்கிறாய். மிஷினுக்குப் போகிற நாளெல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் படியிறங்குகிறேன்.

உன் சிறுநீரகம் உன்னிடமே இருக்கட்டும். வர வேண்டாம்.

ஹெரிபெர்த்தோ

*

யாவுகோ
1 ஜூலை 1987

அண்ணா,

உன் விடைத்தாளைத் திருத்தி இதோடு அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மை. மனம் நோகாதே, நீ எனக்குச் செய்ததுதான்.

முதல் கணக்கு: சரி.

இரண்டாவது: தவறு. கலக்கக் கூடாது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக் கூடாது, சோதித்துவிட்டுச் சொல்ல வேண்டும். அதை எந்த மருந்தறையில் கற்றாய்? நீயும் நானும் ஒரே அம்மா, ஒரே அப்பா. அம்மாவுக்கு இரத்தம் கொடுத்தபோது இருவருக்கும் ஓ என்றுதான் எழுதினார்கள். மீதியை உன் ஆஸ்பத்திரிக்காரர்கள் சோதிக்கட்டும். அவர்கள் கூடாது என்றால் நான் கேட்டுக்கொள்வேன். நீ சொன்னால் கேட்க மாட்டேன்.

உன் வழிமுறையிலும் பிழை. அம்மாவுக்காக நான் செலவழித்த பத்து வருடத்தை நீ கழித்தலில் போட்டிருக்கிறாய். நான் ஒருநாளும் அதைக் கழித்தலில் எழுதியதில்லை. அம்மா இருந்தவரை இந்த வீட்டில் இரண்டு தட்டு இருந்தது.

தேர்வு முடிவு வந்தது. கணக்கில் எண்பத்து எட்டு. தோன் கின்தீன் கடையில் எல்லோருக்கும் மல்ட்டா பானம் வாங்கிக் கொடுத்துவிட்டு, "சரி, உரிமம் வாங்கிட்ட, இனிமே எப்ப இருந்து முழு நேரம்?" என்றார். "அண்ணனைப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன். "எத்தன நாளு?" என்றார். "தையல் பிரிக்கற வரைக்கும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. தோன்யா ப்ரோவிக்குப் புரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள். பிறகு வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

பதினொன்றாம் தேதி சனிக்கிழமை விமானம். அன்றைக்கு நீ மிஷினில் இருப்பாய், அதனால் என்னைத் தடுக்க விமான நிலையத்துக்கு வர முடியாது. சாகோவிடம் ஆஸ்பத்திரி முகவரி கேட்டு வைத்திருக்கிறேன். நேரே உன் படுக்கைக்கு வருகிறேன். ஆசியை அங்கே கேட்கிறேன். கொடுக்காமல் இருந்து பார்.

சுவரில் இருக்கிற அந்தத் தாளைக் கிழித்துவிடு, அண்ணா. அதில் இருக்கிற தொண்ணூற்றாறு பொய். நான் கொண்டுவருவது ஐம்பதுதான். ஆனால் இரண்டு புள்ளி இரண்டால் வகுத்தது.

உன் தங்கை
நில்சா